பாலிப் எண்ணும் வேலை

என் வேலைக்கு ரிசர்ச் நர்ஸ் என்று பெயர். ஊருக்குப் போகும்போது கேட்பவர்களிடம், “புது மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு பார்க்கிற நர்ஸ்” என்று சொல்லிவிடுவேன். அதோடு விட்டால் நல்லது. ஒருமுறை நாகர்கோவிலில் சித்தி விடாமல் கேட்டாள். குடலுக்குள் குழாயை விட்டு, அங்கே முளைத்திருக்கும் சதைப் பருக்களை எண்ணுவோம், மருந்து கொடுத்து ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணுவோம் என்று விளக்கினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “இதுக்குத்தானா அவ்வளவு தூரம் போன?” என்றாள்.

இதற்குத்தான் போனேன். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபிப் பிரிவில் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு எஃப்.ஏ.பி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் பரம்பரைப் பாலிப் நோய். ஐந்தாம் குரோமோசோமில் ஏ.பி.சி. என்று ஒரு மரபணு இருக்கிறது. 1991இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதிலேயே பெருங்குடலின் உட்சுவரில் பாலிப்கள் முளைக்கத் தொடங்கும். நூற்றுக்கணக்கில் வரும், சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாது. ஆனால் அத்தனையில் ஏதோ ஒன்று ஒருநாள் புற்றாக மாறியே தீரும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் சராசரி வயது 39. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இதற்கு உறுதியான வழி ஒன்றுதான், பெருங்குடலை எடுத்துவிடுவது. பதினெட்டு இருபது வயதில், உடம்பில் எந்த வலியும் இல்லாத ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டும். சிலருக்கு மலக்குடலை மட்டும் விட்டுவிட்டுச் சிறுகுடலை அதோடு இணைப்பார்கள். பாலிப் அதிகமானவர்களுக்கு மலக்குடலையும் எடுத்து, சிறுகுடலின் நுனியை மடித்து ஒரு பை செய்து உள்ளே வைப்பார்கள். உயிர் பிழைக்கலாம், வேலைக்குப் போகலாம், ஓடியாடலாம். ஆனால் தினமும் ஐந்தாறு முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். பை வைத்த பெண்களுக்குக் கருத்தரிப்பது கடினமாகலாம். சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தூண்டிவிட்டதுபோல வயிற்றுக்குள் டெஸ்மாய்ட் என்ற நார்க்கட்டி வளரும். அது புற்றுநோய் இல்லை என்றாலும் ஆளைக் கொல்லக்கூடியது.

அதனால் இந்தக் குடும்பங்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: மாத்திரை ஏதாவது இருக்கிறதா? நாற்பது ஆண்டுகளாக இந்தத் துறை அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. பாலிப்பைச் சுருக்கும் மருந்துகள் பல கிடைத்துவிட்டன. சுருங்கிய பாலிப்பால் நோயாளிக்கு என்ன லாபம் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்காமல் திண்டாடுகிறோம். எதை எண்ண வேண்டும் என்பதிலேயே எங்களுக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

நான் நேரடியாக வேலை பார்த்த ஆய்வுகளின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. பெயரும் எண்ணும் வரும் இடங்களில் எல்லாரும் படிக்கக்கூடிய, அச்சில் வந்த ஆய்வுகளையே சொல்கிறேன். சேர்ந்திருக்கும் வேலை அனுபவம் மட்டும் என்னுடையது.

இந்தத் துறையின் மூலக்கிணறு லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பாலிப் பதிவேடு. 1924இல் லாக்ஹார்ட்-மம்மரி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், டியூக்ஸ் என்ற நோயியல் நிபுணர், ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த பஸ்ஸி என்ற பதின்ம வயதுப் பையன் ஆகியோர் கையில் தொடங்கியது அது. எந்தக் குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்று எழுதி எழுதி வைத்தார்கள். மரபணு என்னவென்றே தெரியாத காலத்தில், குடும்ப மரம் வரைந்தே இந்த நோய் எப்படி இறங்குகிறது என்பதைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பையன் வாழ்நாள் முழுக்க இதே வேலையில் இருந்து, 1975இல் இந்த நோயைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். உலகத்தில் இந்த நோய்க்கு எந்த மருந்துப் பரிசோதனை நடந்தாலும் ஆள் கிடைப்பது இப்படிப்பட்ட பதிவேடுகளிலிருந்துதான். இது அபூர்வ நோய், தெருவில் போஸ்டர் ஒட்டினால் யாரும் வரமாட்டார்கள். அந்த மருத்துவமனை 1995இல் ஹாரோவுக்கு இடம்பெயர்ந்தது. ஹாரோ, லண்டனில் தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் ஒன்று என்பது சும்மா ஒரு தகவல்.

மருந்துக் கதை 1983இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்குகிறது. வாடெல் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், மூட்டுவலிக்குக் கொடுக்கும் சுலிண்டாக் மாத்திரையைச் சில பாலிப் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பாலிப்கள் மறைவதைக் கவனித்து எழுதினார். நாலைந்து பேர் கதையை யாரும் உடனே நம்பிவிட மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1993இல், பால்டிமோரில் ஜியார்டியெல்லோ குழு 22 பேரை வைத்து முறையாகச் சோதித்தது. பாதிப் பேருக்குச் சுலிண்டாக் 150 மில்லிகிராம் தினம் இருவேளை, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. ஒன்பது மாதத்தில் மருந்து எடுத்தவர்களின் பாலிப் எண்ணிக்கை ஆரம்பத்தில் இருந்ததில் 44 சதவீதமாகவும், அளவு 35 சதவீதமாகவும் இறங்கியது. ஒருவருக்கும் முழுதாகப் போகவில்லை. மருந்தை நிறுத்தி மூன்று மாதத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது.

அந்தக் கட்டுரையை இந்தத் தொழிலுக்கு வரும் புதியவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பேன். இன்றுவரை எங்கள் எல்லா நம்பிக்கைக்கும் எல்லாச் சந்தேகத்துக்கும் விதை அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1994இல், சுலிண்டாக் எடுத்துப் பாலிப்கள் அடங்கியிருந்த மலக்குடலில் புற்றுநோய் வந்த நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் வெளியாயின. பருக்கள் குறைந்திருந்தும் புற்று வந்துவிட்டது.

எண்ணுவது எப்படி என்று சொன்னால்தான் இந்தத் தலைவலி முழுதாகப் புரியும். எண்ணூறு பாலிப் இருக்கும் குடலில் எண்ணூறையும் யாராலும் எண்ண முடியாது. ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, குடல் சுவரில் ஊசியால் கறுப்பு மையை ஏற்றி ஒரு புள்ளி வைப்பதுண்டு. பச்சை குத்துவதேதான், அழியாது. அடுத்த முறை வரும்போது அந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில், அதே தூரத்திலிருந்து படம் எடுக்க வேண்டும். சொல்ல எளிது. குடல் சும்மா இருக்குமா? சுருங்கும், விரியும், நெளியும். காற்றைக் கூடுதலாக ஏற்றினால் சுவர் விரிந்து பாலிப்கள் தட்டையாகி எட்ட எட்டத் தெரியும். குறைவாக ஏற்றினால் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். முந்தின நாள் குடிக்கச் சொன்ன பேதிக் கரைசலை நோயாளி பாதியோடு நிறுத்தியிருந்தால் (பாவம், லிட்டர் கணக்கில் அதை யார் குடிப்பார்கள்) சுவரில் ஒட்டியிருப்பது பாலிப்பா, நேற்றுச் சாப்பிட்ட பருப்பா என்றே சந்தேகம் வரும். உள்ளே அளவுகோல் கொண்டுபோக முடியாது. பயாப்ஸி எடுக்கும் இடுக்கியின் வாயைத் திறந்து பாலிப்பின் பக்கத்தில் பிடிப்போம். திறந்த வாய் சுமார் ஏழெட்டு மில்லிமீட்டர். அதை வைத்து இது மூன்று, அது ஐந்து என்று சொல்வோம். இரண்டு மில்லிமீட்டர் மேடு ஒன்றை ஒரு டாக்டர் பாலிப் என்பார், இன்னொருவர் சாதாரண நிணத்திசு என்பார். இருவரும் முப்பது வருஷ அனுபவசாலிகளாக இருப்பார்கள்.

இதனால்தான் எண்ணுபவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்ற விதி. வீடியோவிலிருந்து பெயரையும் தேதியையும் அழித்து, எது முதல் வீடியோ, எது மருந்துக்குப் பிந்தையது என்று தெரியாதபடி கலைத்து, எங்களோடு சம்பந்தமில்லாத நிபுணர்களுக்கு அனுப்புவோம். நம்பிக்கையோடு எண்ணுகிற கண்ணுக்குப் பாலிப் குறைவாகவே தெரியும். 2000இல் வெளியான செலகாக்ஸிப் ஆய்வைப் பாருங்கள். லண்டன் செயின்ட் மார்க்ஸிலும் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சனிலும் 77 பேர், ஆறு மாதம். 400 மில்லிகிராம் இருவேளை எடுத்தவர்களுக்குப் பாலிப் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 11.9 சதவீதம். வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் 4.5 சதவீதம் குறைந்தது. வெறும் மாத்திரையால் எந்தப் பாலிப்பும் சுருங்கவில்லை. எண்ணும் வேலையில் எவ்வளவு ஊசலாட்டம் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அந்த 28 சதவீதத்தை நம்பி அமெரிக்க எஃப்.டி.ஏ. 1999 டிசம்பரில், கட்டுரை அச்சில் வருமுன்பே, செலகாக்ஸிபுக்கு இந்த நோய்க்கான விரைவு அனுமதி கொடுத்தது. அது நிபந்தனையோடு வந்த அனுமதி: பாலிப் குறைவதால் நோயாளிக்கு உண்மையான பலன் உண்டு என்று நிறுவனம் பின்னால் நிரூபிக்க வேண்டும். 2003இல் ஐரோப்பாவும் அனுமதித்தது. அப்போதிருந்த உற்சாகத்தைப் பற்றி மூத்த நர்ஸ்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோயாளிகள் செய்தித்தாளை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்களாம்.

பிறகு 2004 வந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வயாக்ஸ், செப்டம்பர் 30ஆம் தேதி உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது கூட்டுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்ததே ஒரு பாலிப் தடுப்பு ஆய்வுதான். டிசம்பரில் செலகாக்ஸிபை வைத்து நடந்த ஒரு பெரிய பாலிப் தடுப்பு ஆய்வையும் இதே காரணத்துக்காக நிறுத்தினார்கள். அவை எஃப்.ஏ.பி. இல்லாத, நடுத்தர வயதைத் தாண்டிய சாதாரண மக்களிடம் நடந்த ஆய்வுகள். ஆனால் எங்கள் நோயாளி இருபது வயதில் தொடங்கி ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியவர். நிபந்தனையாகக் கேட்ட ஆய்வுக்கு ஆள் சேரவில்லை. 2011இல் நிறுவனமே முன்வந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கான அனுமதியை விட்டுக்கொடுத்தது. எங்கள் துறையில் கிடைத்த ஒரே அனுமதி அதோடு போயிற்று.

ஆள் சேரவில்லை என்று எழுதுவது சுலபம். ஏன் சேரவில்லை என்பது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நோய் அபூர்வம் என்பதால், இருக்கிற சிலரைத்தான் எல்லா ஆய்வும் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. வருடத்துக்கு ஒரு கோலனோஸ்கோபியே ஒரு மனிதனுக்கு அதிகம். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒன்று கேட்போம். இள வயதுக்காரர்களுக்குப் பரீட்சை இருக்கிறது, காதல் இருக்கிறது, புது வேலையில் லீவு கிடைக்காது. பெண்களிடம் ஆய்வு முடியும்வரை கர்ப்பம் கூடாது என்று எழுதி வாங்குவோம். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு குழந்தை பெற்றுவிடலாம் என்று அவசரப்படுகிறவர்களும் அவர்களேதான். ஒரு பையனுக்கு ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாக விளக்கி முடித்தேன். கடைசியில் அவன் கேட்டான்: “அப்பாவும் இதேமாதிரி ஒண்ணுல சேர்ந்தாரு. அதோட ரிசல்ட் என்னாச்சு?” அந்த ஆய்வுக்குப் பணம் போட்ட நிறுவனம் பாதியில் கடையை மூடிவிட்டுப் போயிருந்தது. முடிவு எங்கும் அச்சாகவில்லை. அதை அப்படியே சொன்னேன். அவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான், ஆனால் என்னைப் பார்க்காமல் போட்டான்.

மாத்திரையை எண்ணுவதும் என் வேலை. ஒவ்வொரு முறையும் மாத்திரைப் புட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வோம். மிச்சத்தை எண்ணி, எத்தனை விழுங்கியிருக்கிறார் என்று கணக்கெடுப்போம். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தால் வேறு தொல்லை. ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு வெறும் மாத்திரை விழுந்திருக்கலாம். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் மாத்திரையை நக்கிப் பார்த்து ருசியை ஒப்பிடுவார்கள். ஒருவனுக்கு வயிறு எரிந்தால், அவனுடையதுதான் அசல் என்று இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். புள்ளியியல் வல்லுநர்கள் இதைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். எனக்கு அந்தத் தம்பியைக் கோபிக்க மனம் வந்ததே இல்லை.

மஞ்சளைப் பற்றிக் கேட்காத தமிழ்க் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகளோடு வந்திருந்தார். ஒப்புதல் படிவத்தைப் பற்றிய பேச்சு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, “பிள்ளை, மஞ்சள் இதுக்கு நல்லதெண்டு சொல்லீனம். நாங்கள் நெடுகச் சமையலிலை போடுறனாங்கள்தானே. பிறகேன் எங்கட வீட்டுக்கு இந்த வருத்தம் வந்தது?” என்றார்.

நல்ல கேள்வி. மஞ்சளிலிருக்கும் குர்குமினை வைத்து 2006இல் ஐந்து நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. வெங்காயத்தில் இருக்கும் குவெர்சிடினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பாலிப் எண்ணிக்கை சராசரியாக 60 சதவீதம் குறைந்தது. உலகமே துள்ளிக் குதித்தது. மஞ்சள் மாத்திரை விற்கிறவர்கள் இன்றுவரை அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஐவரில் ஒருவருக்கும் வெறும் மாத்திரை கொடுக்கப்படவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அதை நடத்திய மார்சியா குரூஸ்-கொரேயா என்ற அதே டாக்டர், பிறகு 44 பேரை வைத்து ஒழுங்கான ஆய்வு நடத்தினார். தினமும் 3 கிராம் குர்குமின் அல்லது வெறும் மாத்திரை, ஒரு வருடம். 2018இல் முடிவு வந்தது: வித்தியாசம் ஒன்றுமில்லை. தன் கண்டுபிடிப்பைத் தானே சோதித்து, இல்லை என்று அச்சில் போட்டவர் என்பதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. அந்த அம்மாவிடம், “3 கிராம் குர்குமின் வேணும்னா தினமும் ஏறக்குறைய நூறு கிராம் மஞ்சள்தூள் சாப்பிடணும்மா. அவ்வளவு சாப்பிட்டும் பலன் இல்லைன்னு பார்த்துட்டாங்க” என்றேன். “அப்ப கறிக்கு மட்டும் போடுவம்” என்றார்.

பெருங்குடலை எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்திலும் பாலிப்கள் வரும். இரைப்பைக்கு அடுத்து, பித்தநீரும் கணைய நீரும் வந்து விழும் இடம் அது. அங்கே கத்தி வைப்பது பெருங்குடலைப்போல எளிதல்ல. 1989இல் ஸ்பைகல்மன் வகுத்த அட்டவணைப்படி எண்ணிக்கை, அளவு, திசுவின் தன்மை எல்லாவற்றையும் கூட்டி நாலு படியாகப் பிரிக்கிறோம். 114 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில், தொடக்கத்தில் நாலாம் படியில் இருந்த 11 பேரில் 4 பேருக்கு அங்கே புற்றுநோய் வந்தது. பெருங்குடல் போன பிறகு இவர்கள் உயிருக்கு முக்கிய எதிரிகள் டியோடினமும் டெஸ்மாய்ட் கட்டியும்தான்.

அதனால் யூட்டா மாநிலத்தில் சாமடர் குழு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு எங்களையெல்லாம் நிமிர்ந்து உட்கார வைத்தது. சுலிண்டாக்கோடு எர்லோடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மருந்தைச் சிறிய அளவில் சேர்த்து, 92 பேரிடம் ஆறு மாதம். டியோடினத்தின் முதல் பத்து சென்டிமீட்டரில் உள்ள பாலிப்களின் விட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆனால் எர்லோடினிப் எடுத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் முகத்திலும் மார்பிலும் பருக்கள் கிளம்பின. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று காத்திருப்பு அறையில் பார்த்தாலே தெரிந்துவிடக்கூடிய நிலை. வீடியோவை வெளியே அனுப்பி எண்ணவைப்பதன் அருமை இப்படிப்பட்ட மருந்தில்தான் தெரியும். பின்னால் அதே குழு, வாரத்துக்கு ஒரே நாள் 350 மில்லிகிராம் எர்லோடினிப் மட்டும் கொடுத்துப் பார்த்தது. டியோடினப் பாலிப் சுமை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, தொல்லையும் குறைந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம், முகம் முழுக்கப் பரு வரும் மருந்தை வாழ்நாள் முழுக்க எடு என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு அந்த வாரம் ஒரு நாளின் மதிப்பு தெரியும்.

எண்ணுவதே வேண்டாம் என்று முடிவெடுத்த ஆய்வும் உண்டு. சுலிண்டாக்கையும் எஃப்லார்னிதினையும் சேர்த்துக் கொடுத்தது அது. எஃப்லார்னிதின், ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்து. முகத்து ரோமம் வளராமலிருக்கப் பூசும் களிம்பிலும் இருக்கிறது. எஃப்.ஏ.பி. இல்லாதவர்களிடம் 2008இல் வெளியான ஆய்வில் இந்த ஜோடி பாலிப் மீண்டும் வருவதை 70 சதவீதம் குறைத்திருந்தது. ஆகவே எதிர்பார்ப்பு வானத்தில். 171 எஃப்.ஏ.பி. நோயாளிகள், மூன்று பிரிவு, நாலு வருடம் வரை. இந்த முறை கேட்ட கேள்வி வேறு: நோய் அடுத்த கட்டத்துக்குப் போனதா? ஆபரேஷன் தேவைப்பட்டதா, பெரிய பாலிப்பை வெட்டி எடுக்க வேண்டியிருந்ததா, டியோடினம் ஒரு படி மோசமானதா? நோயாளி கேட்கிற கேள்விக்கு நெருங்கி வந்த முதல் பெரிய முயற்சி என்று அதைச் சொல்வேன். 2020இல் விடை வந்தது. இரண்டும் எடுத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறியது; சுலிண்டாக் மட்டும் 38, எஃப்லார்னிதின் மட்டும் 40. வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே அது நின்றது. அனுமதி கிடைக்கவில்லை.

பிறகு அதே தரவைத் திரும்பப் பிரித்துப் பார்த்தபோது, பெருங்குடல் முழுதாக இருந்தவர்களில் இரண்டு மருந்தும் எடுத்த ஒருவருக்கும் அந்தக் காலத்தில் பெருங்குடல் ஆபரேஷன் தேவைப்படவில்லை என்று தெரிந்தது. டியோடினத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்று கருத்தரங்குகளில் இன்னும் வாதாடுகிறார்கள். முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றக் கூடாது என்பது விதி. அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் என் மனம் என்னவோ அந்த ஆபரேஷன் கணக்கின் பக்கமே போகிறது. எந்த நோயாளியும் என்னிடம் “சிஸ்டர், எனக்கு எத்தனை பாலிப் குறைஞ்சிருக்கு?” என்று முதலில் கேட்டதில்லை. “ஆபரேஷன் இந்த வருஷமா, அப்புறமா?” என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணம், பிரசவம், படிப்பு முடியும்வரை ஐந்து வருடம் தள்ளிப்போட முடிந்தால் அதுவே பெரிய வரம். ஆபரேஷன் தள்ளிப்போவதை அளக்க ஐந்து வருட ஆய்வு வேண்டும். பாலிப்பை அளக்க ஆறு மாதம் போதும். பணம் போடுகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொறுமையாக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பக்கத்து நோயில் ஒரு சாட்சி உண்டு. லிஞ்ச் நோய் என்பதும் பரம்பரைக் குடல் புற்றுநோய்தான், ஆனால் பாலிப்கள் சொற்பம். நியூகாசிலில் ஜான் பர்ன் தலைமையில் 861 பேருக்கு ஆஸ்பிரின் 600 மில்லிகிராம் அல்லது வெறும் மாத்திரை கொடுத்தார்கள். 2008இல் முதல் முடிவு: பயன் ஒன்றும் தெரியவில்லை. அதோடு கோப்பை மூடியிருக்கலாம். அவர்கள் மூடவில்லை, அதே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். 2011இல் பார்த்தால், இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. 2020இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு லிஞ்ச் நோயாளிகளுக்கு ஆஸ்பிரினைப் பரிசீலிக்கச் சொல்லியது. அதே குழு எஃப்.ஏ.பி. இளைஞர்களிடம் செய்த ஆஸ்பிரின் ஆய்வில் பாலிப் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. ஜப்பானில் 2021இல் வந்த ஆய்வோ, பாலிப்களை முதலில் வெட்டி எடுத்துவிட்டுக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் பெரிய பாலிப்கள் திரும்ப வருவது குறைகிறது என்கிறது. இவற்றில் எது கடைசியில் உண்மையாகும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

பாலிப் முளைப்பதற்கு முன்பே மருந்து கொடுத்தால் தடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2002இல் அதையும் பார்த்தார்கள். பழுதான மரபணு இருந்தும் பாலிப் இன்னும் வராத 41 இளையவர்கள், எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை. நாலு வருடம் சுலிண்டாக். மருந்து எடுத்தவர்களில் 43 சதவீதத்துக்கும் எடுக்காதவர்களில் 55 சதவீதத்துக்கும் பாலிப் வந்துவிட்டது. நிற்கிற வித்தியாசம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையை நாலு வருடம் மாத்திரை விழுங்கவைத்து இந்தப் பதிலை உலகத்துக்கு வாங்கிக்கொடுத்த குடும்பங்களை நான் அறியேன். ஆனால் அவர்கள் புண்ணியத்தில் இன்று வேறு பிள்ளைகள் அந்த மாத்திரையை வீணாக விழுங்காமல் இருக்கிறார்கள்.

இன்றைய நிலையில், மலக்குடலை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கும் பை வைத்தவர்களுக்கும் பாலிப் பெருகினால் சுலிண்டாக் போன்றவற்றைச் சில டாக்டர்கள் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். அது கைக்குதவும் துணை, அவ்வளவே. பாலிப் குறைந்துவிட்டது என்று ஸ்கோப் பார்ப்பதைத் தள்ளிப்போடுபவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மருந்து எடுப்பவருக்குத்தான் ஸ்கோப் இன்னும் கறாராகத் தேவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் “தாத்தா வயித்துக் கட்டியில போனார்”, “பெரியப்பா மூலத்துல ரத்தம் போய் செத்தார்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எந்த வயதில், எந்த உறுப்பில், எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டு எழுதிவையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தாலும், கோலனோஸ்கோபியில் நிறைய பாலிப் என்று எழுதியிருந்தாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு குடல் மருத்துவரையோ மரபணு ஆலோசகரையோ பாருங்கள். நாலில் ஒருவருக்காவது குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் இந்த நோய் புதிதாகத் தொடங்குகிறது. அப்படித் தொடங்கியவரின் பிள்ளைகளுக்கும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான். பழுதான மரபணு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பத்திலிருந்து பதினாலு வயதுக்குள் முதல் ஸ்கோப் பார்க்கத் தொடங்க வேண்டும். குடும்பத்தில் கண்டறிந்த அந்தப் பழுது இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் அந்தப் பிள்ளைக்கு இந்த நோய்க்காக ஸ்கோப்பே தேவையில்லை.